‘லாம்’ எங்கே போனது? மனித வரலாற்று நூல்களை எவ்வளவு நம்பலாம்

பசிபிக் பெருங்கடலின் நடுவில், சிலி நாட்டுக் கரையிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அங்கே வாழ்கிறவர்கள் அதை ராப்பா நூயி என்கிறார்கள். வெளியுலகம் ஈஸ்டர் தீவு என்கிறது. பரப்பு 164 சதுர கிலோமீட்டர்தான். அதில் ஏறக்குறைய ஆயிரம் கற்சிலைகள். சிலைகளுக்கு மோவாய் என்று பெயர். தமிழிலும் மோவாய் உண்டு, முகவாய்க்கட்டையைச் சொல்ல. அந்தச் சிலைகளுக்கும் நீண்ட முகவாய்தான். ஆனால் இது வெறும் ஒலி ஒற்றுமை, இதை வைத்து உறவு எதையும் கட்ட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தீவைப் பற்றி உலகம் முழுக்கப் பரவிய கதை ஒன்று உண்டு. 2005ல் வெளிவந்த அமெரிக்க எழுத்தாளர் ஜாரெட் டைமண்டின் ‘கொலாப்ஸ்’ என்ற நூல் அதை லட்சக்கணக்கானவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. குடியேறிய மக்கள் சிலைகளை நகர்த்தவும் விறகுக்கும் வயலுக்கும் மரங்களை வெட்டித் தீர்த்தார்கள். படகு செய்ய மரம் இல்லை. மண் அரித்துப் போனது. பஞ்சம், சண்டை, கடைசியில் நரமாமிசம். ஒரு காலத்தில் 15,000 பேரோ அதற்கு மேலோ இருந்த தீவு, 1722ல் டச்சுக் கப்பல்கள் வந்தபோது சில ஆயிரம் பேராகச் சுருங்கிக் கிடந்தது. கடைசி மரத்தை வெட்டியவன் வெட்டும்போது என்ன சொல்லியிருப்பான் என்று டைமண்ட் கேட்கும் கேள்வி, படித்தவர் யாருக்கும் மறக்காது.

எனக்கும் மறக்கவில்லை. ஏரி ஆக்கிரமிப்பு, மரம் வெட்டு என்று எதைப் பற்றிப் பேசப் போனாலும் இந்தக் கதையைச் சொல்வேன். பள்ளிப் பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். அதனால்தான், அந்தக் கதையின் முக்கியமான பகுதி நிற்கவில்லை என்று தெரிந்தபோது வெறுமனே ‘ஓ, அப்படியா’ என்று கடந்துபோக முடியவில்லை. மனித வரலாற்றைப் பற்றி நாம் ஆசையாக வாங்கிப் படிக்கும் இந்தத் தடித்த நூல்களை எப்படித்தான் நம்புவது என்று யோசிக்க வைத்தது இந்தத் தீவுதான்.

என்ன மாறியது என்று பார்ப்போம். 2006ல் டெரி ஹன்ட், கார்ல் லிப்போ என்ற இரண்டு தொல்லியலாளர்கள், தீவில் மனிதர் குடியேறியது கி.பி. 1200 வாக்கில்தான் என்று காலக்கணிப்போடு எழுதினார்கள். அதற்கு முன் பலரும் 400, 800 என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானூறு வருடம் குறைந்தால் கணக்கே வேறாகிறது. மக்கள்தொகை அவ்வளவு பெருகி, உச்சத்தைத் தொட்டு, அப்புறம் சரிவதற்கு நேரமே போதாது. மரங்கள் விஷயத்திலும் புதிய குற்றவாளி ஒன்று சேர்ந்தது: எலி. குடியேறியவர்களின் படகில் வந்த எலிகள், எதிர்த்துத் தின்ன ஆளில்லாத தீவில் பெருகி, பனை வகை மரத்தின் கொட்டைகளைக் கொறித்துத் தள்ளின. பல் தடம் பதிந்த பழைய ஓடுகள் இன்றும் கிடைக்கின்றன. மரத்தை மனிதன் வெட்டினான், எரித்தான். ஆனால் புதுக் கன்று முளைக்க விடாமல் செய்ததில் எலிக்குப் பெரும் பங்கு என்கிறது இந்தத் தரப்பு. காடு அழிந்ததை யாரும் மறுக்கவில்லை. அது எப்படி அழிந்தது, அழிந்தபின் மக்கள் என்ன ஆனார்கள் என்பதில்தான் பிணக்கு.

சிலைகளை எப்படி நகர்த்தினார்கள்? மரக்கட்டைகளின் மேல் படுக்கவைத்து இழுத்தார்கள் என்பது பழைய ஊகம். காடழிப்புக் கதைக்கு அது தோதாகவும் இருந்தது. தீவு மக்களைக் கேட்டால் சிலைகள் நடந்து வந்தன என்பார்கள். கேட்டவர்கள் அதைப் புராணம் என்று ஒதுக்கினார்கள். ஹன்டும் லிப்போவும் நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள மாதிரிச் சிலை ஒன்றை நிறுத்திவைத்து, தலையில் மூன்று வடம் கட்டி, 18 பேரை வைத்து முயன்றார்கள். இடப்பக்கம் ஒரு குழு, வலப்பக்கம் ஒரு குழு, முன்னால் சாய்ந்து விழாமல் பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு குழு. மாறி மாறி இழுக்க, சிலை இப்படியும் அப்படியும் ஆடி ஒவ்வொரு அடியாக முன்னால் வந்தது. 40 நிமிடத்தில் 100 மீட்டர். தேருக்கு வடம் பிடித்த கைகளுக்கு இந்தக் காட்சி உடனே புரியும். ஒரு கட்டைகூடத் தேவைப்படவில்லை. பாதையோரம் பாதியில் விழுந்து கிடக்கும் சிலைகளின் அடிப்பாகமும் சாய்வும் இப்படி ஆட்டி நகர்த்துவதற்கு ஏற்றபடியே இருக்கின்றன.

2024ல் வந்த இரண்டு ஆய்வுகள் இன்னும் ஆழமாகப் போயின. தீவின் உழவர்கள் கல்லை உடைத்து மண்மேல் பரப்பி, அந்த ஈரத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு போட்டார்கள். இந்தக் கல் தோட்டங்களின் பரப்பை வைத்துத்தான் எத்தனை பேர் சாப்பிட்டிருக்க முடியும் என்று கணக்கிடுவார்கள். முந்தைய மதிப்பீடுகள் 4.3 முதல் 21.1 சதுர கிலோமீட்டர் வரை சொன்னன. செயற்கைக்கோள் படங்களையும் தரையில் நடந்து பார்த்த விவரங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட புதிய ஆய்வுக்குக் கிடைத்தது 0.76 சதுர கிலோமீட்டர்தான். மீன், வாழை எல்லாம் சேர்த்தாலும் சுமார் 3,000 பேருக்குப் போதும். 1722ல் வந்தவர்கள் ஏறக்குறைய அத்தனை பேரைத்தான் பார்த்தார்கள்.

இன்னொன்று மரபணு ஆய்வு. 1670க்கும் 1950க்கும் இடையில் வாழ்ந்த 15 தீவுவாசிகளின் எலும்பு, பற்களிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் படித்தார்கள். ஒரு சமூகம் திடீரென்று பத்தில் ஒன்றாகச் சுருங்கினால், மிஞ்சியவர்களின் பிள்ளைகள் எல்லாரும் நெருங்கிய சொந்தமாகிவிடுவார்கள். அந்த நெருக்கம் மரபணுவில் தழும்பு மாதிரி தலைமுறை தலைமுறையாக நிற்கும். 1600களில் அப்படிச் சரிவு நடந்ததற்கான தழும்பைத் தேடினார்கள். இல்லை. மக்கள்தொகை சிறியது, ஆனால் 1860கள் வரை மெல்ல ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

1860களில் என்ன? 1862ல் பெருவிலிருந்து அடிமை பிடிக்கும் கப்பல்கள் வந்தன. ஏறக்குறைய 1,500 பேரைப் பிடித்துப்போனார்கள். எதிர்ப்பு எழுந்தபின் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் கடலிலேயே செத்தார்கள். கரை சேர்ந்த சிலரோடு பெரியம்மை வந்தது. 1877ல் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர்.

டைமண்ட் இதை மறைக்கவில்லை. அவருடைய நூலில் அடிமைக் கப்பல்களும் உண்டு, நோயும் உண்டு. ஆனால் அங்கே அவை கதை முடிந்தபின் வரும் பின்குறிப்பு போல வருகின்றன. முதன்மைக் கதை, அந்த மக்கள் தங்களைத் தாங்களே அழித்துக்கொண்டார்கள் என்பது. நான் பிள்ளைகளிடம் சொன்னதும் அந்தப் பாதியைத்தான். பிடித்துக்கொண்டு போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. ஒரு நூலில் இருக்கும் வருடங்களும் எண்களும் சரியாக இருந்தாலும், எதை நடுவில் வைக்கிறார்கள் என்பதாலேயே பழி இடம் மாறிவிடுகிறது.

அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துத் தொல்லியலாளர் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். மறுப்புகள் வந்தபோது அவர் பதிலும் எழுதினார், வாதம் நடந்தது, இன்னமும் சில இழைகளில் நடக்கிறது. ஆய்விதழில் இருந்து கடைக்கு வரும் நூலுக்குள் நுழையும்போது ஒரு சின்ன விகுதி காணாமல் போவதுதான் என் கவலை. தமிழில் அதை எளிதாகக் காட்டலாம்: ‘லாம்’. ஆய்வாளர் ‘15,000 பேர் இருந்திருக்கலாம்’ என்று எழுதுகிறார். நூலாசிரியர் ‘15,000 பேர் வரை இருந்தார்கள்’ என்கிறார். யூட்யூப் காணொளி ‘15,000 பேர் இருந்தார்கள்’ என்கிறது. மேடையில் என் வாயில் அது ‘பதினைந்தாயிரம் பேர் வாழ்ந்த தீவு’ என்று வருகிறது. யாரும் வேண்டுமென்று திரிக்கவில்லை. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்திருக்கிறது.

நம் இலக்கண நூல் இந்த விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். தொல்காப்பியத்தில் நூற்பாவுக்கு நூற்பா ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று வரும். பள்ளியில் அதை ஓசை நிரப்பும் சொல் என்று நினைத்திருந்தேன். இது நான் கண்டது அல்ல, முன்னோர் இப்படிச் சொல்கிறார்கள் என்று யார் சொன்னது என்பதைக் கூடவே கட்டி அனுப்புகிற சொல் அது.

‘லாம்’ உதிர்வதற்கு ஒரு எண் நல்ல சாட்சி. மனிதன் இயல்பாக உறவு வைத்துக்கொள்ளக்கூடிய ஆட்கள் 150 பேர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இஸ்ரேலிய வரலாற்றாளர் யுவால் நோவா ஹராரியின் ‘சேப்பியன்ஸ்’ நூலில் இது ஒரு தூண். 150க்கு மேல் ஒன்றுசேர மனிதனுக்குப் பொதுக் கற்பனைகள் தேவைப்பட்டன என்று அதன் மேல் ஒரு பெரிய வாதம் எழுகிறது. எண் வந்தது ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் செய்த ஆய்விலிருந்து. குரங்கினங்களின் மூளைப் புறணி அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒரு கோட்டில் பொருத்தி, அதே கோட்டில் மனிதனை வைத்தார். கிடைத்தது 147.8. ஆனால் அவரே கொடுத்த பிழை எல்லை 100 முதல் 231 வரை. 2021ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் புதிய தரவுகளோடும் வேறு புள்ளியியல் முறைகளோடும் திரும்பக் கணக்கிட்டபோது, ஒரு முறையில் அந்த எல்லை 4 முதல் 520 வரை விரிந்தது. நாலுக்கும் ஐந்நூற்றுக்கும் நடுவில் எங்கோ என்பது எண்ணே இல்லை. ஹராரி சொல்லும் பொதுக் கற்பனை என்ற கருத்து இதனால் விழுந்துவிடாது, அது யோசிக்கத்தக்க கருத்துதான். ஆனால் 150 என்ற கல் அதைத் தாங்கவில்லை.

சில பிழைகளுக்கு ஆசிரியரைக் குறை சொல்லவே கூடாது. 1997ல் நியாண்டர்தால் என்ற, நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனத்தின் எலும்பிலிருந்து முதன்முறை டிஎன்ஏ எடுத்தார்கள். தாய்வழி மட்டும் வரும் அந்தச் சிறு துண்டில் நம்மோடு கலந்ததற்கு அடையாளம் இல்லை. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம், கலப்பு நடக்கவில்லை என்பதே பலருடைய முடிவாக இருந்தது. 2010ல் ஸ்வாந்தே பாபோவின் குழு முழு மரபணுவின் வரைவை வெளியிட்டது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர் கொண்ட நம் எல்லாரிடமும் சில சதவீதம் நியாண்டர்தால் மரபணு இருக்கிறது. அதே மாதிரி, ‘சேப்பியன்ஸ்’ ஹீப்ருவில் வந்தது 2011ல். நம் இனத்துக்கு வயது சுமார் 2 லட்சம் ஆண்டு என்று அதில் எழுதியபோது அது சரி. 2017ல் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகள் 3 லட்சம் ஆண்டு என்று தெரிந்தது. ஆகவே நான் இப்போது முதலில் புரட்டுவது பதிப்பாண்டுப் பக்கத்தைத்தான், அதுவும் மூலநூலின் ஆண்டை. மொழிபெயர்ப்பு போன வருடம் வந்திருக்கும், உள்ளே இருக்கும் அறிவியல் பதினைந்து வருடப் பழசாக இருக்கும். இன்னொரு வருத்தம்: நான் வாங்கிய ஒரு தமிழ் மொழிபெயர்ப்பில் மூலத்தின் அடிக்குறிப்புகள் மொத்தமும் இல்லை. பக்கம் மிச்சமாகியிருக்கும், ஆனால் ‘என்ப’ போய்விட்டது.

துறை வல்லுநர் எழுதினால் நம்பலாமா? மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டியவர். இந்தியத் தொல்லியல் துறையின் தலைவர். அடுக்கு அடுக்காகப் பிரித்துத் தோண்டும் ஒழுங்கை இங்கே பயிற்றியவர். அவர்தான் மொகஞ்சதாரோவின் தெருக்களில் கிடந்த எலும்புக்கூடுகளைப் பார்த்து, வந்தேறிகள் நடத்திய படுகொலை என்று எழுதினார். 1964ல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற தொல்லியலாளர் அந்த எலும்புக்கூடுகளைப் பற்றிய தோண்டல் பதிவுகளைத் திரும்ப ஆராய்ந்து எழுதினார். எல்லாம் ஒரே காலத்தவை அல்ல, கோட்டைப் பகுதியில் ஒன்றும் கிடைக்கவில்லை, போர் நடந்த தடயமும் இல்லை. படுகொலைக் கதை மட்டும் அதற்குப் பிறகும் நெடுநாள் உலவியது.

எனக்கு உதவுகிற ஒரு வழியைச் சொல்கிறேன். உலகம் முழுவதையும் சொல்லும் நூல் கைக்கு வந்தால், நமக்குத் தெரிந்த நிலத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று தேடிப் பார்ப்பது. சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. அதனால் வந்த குளிரில் மனிதகுலம் சில ஆயிரம் பேராகக் குறைந்தது என்று பல நூல்கள் அடித்துச் சொல்லும். அந்தச் சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் மீட்டர் கணக்கில் படிந்திருக்கிறது. பாத்திரம் துலக்கும் பவுடரில் சேர்க்க ஊர்க்காரர்கள் அதை வெட்டி எடுத்துவந்தார்கள். அந்தக் குழிகளில் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கிடைத்த கல்லாயுதங்கள் ஒரே மாதிரி இருப்பதை 2007ல் மைக்கேல் பெட்ராகிலியாவின் குழு வெளியிட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் தப்பிப் பிழைத்திருக்கலாம். அந்த ஆயுதங்களைச் செய்தவர்கள் நம் இனத்தவர்தானா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. ‘சில ஆயிரம் பேர்’ என்று நிறுத்திவிடும் நூல், இந்தக் குழிகளை எட்டிப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கம் இன்னொரு உரைகல். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல்லாண்டு தோண்டி, இடைப் பழங்கற்கால ஆயுத முறை அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியதை 2018ல் காட்டினார்கள். அந்த நுட்பத்தை நம் இனத்தவர் ஆப்பிரிக்காவிலிருந்து வெளியே வந்தபோது, ஒன்றேகால் லட்சம் ஆண்டுகளுக்கு முன், இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்ற கருத்து அதோடு ஆட்டம் கண்டது. உலக வரலாறு என்ற பெயரில் வரும் நூல்கள் பலவற்றில் அத்திரம்பாக்கம் என்ற பெயரே இருக்காது.

இன்னொன்று, ஒரே பத்தியில் இரண்டு வகை வாக்கியங்கள் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. விவசாயப் புரட்சியை வரலாற்றின் மிகப் பெரிய மோசடி என்கிறார் ஹராரி. அதற்கு அடியில் திடமான எலும்பு இருக்கிறது, உண்மையாகவே எலும்பு. சிரியாவின் அபு ஹுரேரா என்ற பழங்கால உழவர் குடியிருப்பில் கிடைத்த எலும்புகளை தேயா மாலிசன் ஆராய்ந்தார். பெருவிரல் மூட்டு தேய்ந்து, முழங்கால், முதுகெலும்பு எல்லாம் பழுதாகியிருந்தன. நாள் முழுக்க மண்டியிட்டு, கால்விரலை மடித்து ஊன்றி, கல்லின் மேல் கல்லை முன்னும் பின்னும் தள்ளித் தானியம் அரைத்த உடம்புகள். பெரும்பாலும் பெண்கள். அம்மியில் அரைத்த பாட்டிகளின் முதுகை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இது அளந்து பார்த்த செய்தி. ‘மோசடி’ என்பது அதன் மேல் ஆசிரியர் வைக்கும் தீர்ப்பு. காட்டுக் கோதுமை வயல் கோதுமையாக மாறவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. எந்தத் தலைமுறையும் ஒரு நாள் காலையில் ஏமாந்து போகவில்லை. தீர்ப்பை ரசிக்கலாம், விவாதிக்கலாம். எலும்பை நம்புவது போல அதை நம்ப வேண்டியதில்லை.

இதற்காக இந்த நூல்களை ஒதுக்கிவிட வேண்டுமா என்றால், எனக்கு மனம் வராது. நம்மில் பலருக்கு மனித வரலாற்றில் ஆசை பிறந்ததே இவற்றால்தான். ஆய்வாளர்கள் எழுதுவது கட்டணச் சுவருக்குப் பின்னால், கடினமான நடையில் கிடக்கிறது. யாராவது அதை எல்லாம் படித்து ஒரு கதையாகச் சேர்த்துத் தரவேண்டும். தவறான நூலும் நல்ல கேள்வியைக் கிளப்புவது உண்டு. தோர் ஹெயர்டால் 1947ல் கோன்-டிக்கி என்ற கட்டுமரத்தில் பெருவிலிருந்து 101 நாள் பயணம் செய்து பாலினீசியத் தீவுகளை அடைந்தார். அந்தத் தீவுகளில் குடியேறியவர்கள் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்பது அவர் வாதம். அந்த நூல் உலகமெங்கும் விற்றது. வாதம் தவறு. மக்கள் வந்தது மேற்கிலிருந்து, ஆசியப் பக்கமிருந்து. ஆனால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு அமெரிக்கப் பயிர், ஐரோப்பியர் வரும் முன்பே பாலினீசியாவில் இருந்தது. நான் மேலே சொன்ன 2024 மரபணு ஆய்வில், ராப்பா நூயி மக்களின் மரபணுவில் சுமார் பத்தில் ஒரு பங்கு அமெரிக்கப் பூர்வகுடிகளுடையது என்றும், கலப்பு நடந்தது 1250க்கும் 1430க்கும் இடையில் என்றும் தெரியவந்தது. கொலம்பஸ் பிறப்பதற்கும் முன்பு. அந்தச் சிறு தீவின் மக்கள் அத்தனை பெரிய கடலைக் கடந்து போய்வந்திருக்கலாம்.

அந்த ஆய்வுக்கு உதவிய 15 பேரின் எச்சங்கள் பாரிஸில் மனித அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1877ல் 111 பேர் மட்டும் மிஞ்சியிருந்த அதே வருடம் அங்கே போன அல்போன்ஸ் பினார் என்ற பிரெஞ்சுப் பயணியும், 1930களில் போன இன்னொரு குழுவும் எடுத்துவந்தவை. யாருடைய உடல்கள் என்று பெட்டிகளில் தெளிவாக இல்லாததால், அவை ராப்பா நூயி மக்களுடையவைதானா என்பதையும் இந்த ஆய்வு உறுதிசெய்ய வேண்டியிருந்தது. ஆய்வாளர்கள் தீவுக்குப் போய் மக்களோடு பேசியபின்தான் வெளியிட்டார்கள். மக்கள் முக்கியமாகக் கேட்டது, இவர்களை ஊருக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று. அடுத்த முறை பிள்ளைகளிடம் இந்தத் தீவைப் பற்றிப் பேசும்போது அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன்.